வாசல்படியில் ஒரு தட்டு

செவ்வாய், இரவு

கம்பெனி ரத்ததான முகாமுக்குப் பிறகு, முருகேசனுக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேர் தங்கியிருக்கும் மத்திகிரி அறையில் அவன் தட்டும் டம்ளரும் தனி. வாசல்படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

இன்று அவனுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "ஒண்ணா சாப்ட்டா ஒட்டாதுப்பா. ரத்தம் படுற சாமான்தான் தனியா இருக்கணும். ரேசர் யாருது?" என்று நர்ஸ் கேட்டார். நாலு பேருக்கும் ஒரே ரேசர்தான். தட்டைப் பிரித்த புத்திசாலிகள் அதைப் பிரிக்கவில்லை.

வந்ததும் அதைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். நாளைக்கு நாங்கள் மூவரும் டெஸ்ட் எடுத்து, தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"உள்ள வந்து சாப்பிடுடா" என்றேன்.

"என்னால உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு தெரியட்டும், வரேன்" என்றான் முருகேசன், வாசல்படியிலிருந்தே.

அந்த ரேசர் வழியாக எங்களில் ஒருவனிடமிருந்தே அவனுக்கு வந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.