பொடியை நிறுத்து

உரிகம், கோலார் தங்கவயல்
8-6-1975

அன்புத் தம்பி குமாரவேலுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நேற்று உன்னையும் நாய்க்குட்டியையும் ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. நல்ல வேளை, அதன் தங்கை என்னிடம் இருக்கிறாள். லில்லி என்று பேர் வைத்தாயிற்று.

உன் தறிவீட்டுக் காவலுக்கு இதைவிடப் பெரிய நாய் கிடைக்காது. கிரேட் டேன் ஜாதி. மாமாவின் ஆபீசர் வீட்டுக் குட்டி. இரண்டு மாதத்தில் இந்த உயரம் என்றால் பார்த்துக்கொள். தினம் ஒரு படி பால், நாலு முட்டை, மூன்று வேளையும் கறிச்சோறு கொடு. மருந்துக் கடையில் கால்சியம் பொடி வாங்கி மூன்று ஸ்பூன் கலந்து வை. வயிற்றைத் தட்டினால் தவில் மாதிரி இருக்க வேண்டும். அம்மா போனபோது உனக்கு நாலு வயது. உன்னை எப்படி ஊட்டி வளர்த்தேன்? அப்படி வளர்.

அன்புடன்,
பெரியநாயகி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
20-7-1975

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். குட்டிக்கு டைகர் என்று பேர். நீ சொன்னதில் ஒன்றும் குறைக்கவில்லை. அலமுதான் முதலில், "முட்ட வாசன அடுப்பாண்ட வந்துச்சுன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்" என்றாள். தறிவீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து நானே சமைக்கிறேன். இப்போது பார்த்தால், அவனுக்குப் பால் ஆற்றி வைப்பதே அவள்தான்!

நேற்று அரிசி மண்டித் தராசில் நிறுத்தேன். இருபத்தாறு கிலோ. தெருவில் போகிறவர்கள், "இன்னாபா, கன்னுக்குட்டியக் கட்டி வச்சிக்கினு நாயின்றே?" என்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் தம்பி,
குமாரவேல்

உரிகம்
10-8-1975

அன்புத் தம்பிக்கு,

இருபத்தாறா! லில்லி இருபத்திரண்டுதான். பெண் குட்டி என்றால் தோற்க வேண்டுமா என்ன? பொடியை ஆறு ஸ்பூனாக்கிவிட்டேன், முட்டையையும் ஏற்றிவிட்டேன். நீயும் ஏற்று. அடுத்த கடிதத்தில் எடை எழுது. மாமாவும் நானும் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

அன்புடன்,
அக்கா

காஞ்சிபுரம்
7-9-1975

அன்புள்ள அக்காவுக்கு,

டைகர் நலம். எடை பார்க்கவில்லை, மண்டிப் பக்கம் போக வாய்க்கவில்லை. கலியாணப் புடவை இரண்டு தறியில் இருக்கின்றன, அதனால் நீளமாக எழுத நேரமில்லை. அலமு உன்னை விசாரித்தாள்.

உன் தம்பி,
குமாரவேல்

உரிகம்
1-10-1975

அன்புத் தம்பி குமாரவேலுக்கு,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. போகட்டும், எனக்கு இப்போது வேறு கவலை. லில்லியின் முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்துவிட்டன. மூட்டு வீங்கியிருக்கிறது. எழுந்து நிற்கும்போது முனகுகிறாள். போஷாக்கு போதவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இன்னும் இரண்டு முட்டை சேர்த்தேன், பொடி எட்டு ஸ்பூன். மூன்று நாளாகக் கால் இன்னும் மோசம்.

இரண்டும் ஒரே வயிற்றுக் குட்டிகள். டைகர் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறான்? நீ என்ன கொடுக்கிறாய்? ஒன்றுவிடாமல் எழுது.

அக்கா

காஞ்சிபுரம்
4-10-1975

அன்புள்ள அக்காவுக்கு,

"பொடியை நிறுத்து" என்று தந்தி அடித்தேன், கிடைத்திருக்கும்.

டைகர் நன்றாக இருக்கவில்லை, அக்கா. ஆகஸ்டு கடைசியில் அவனும் நொண்டினான். கால் இப்படித்தான் வளைந்தது. ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்றரை வருஷம் வளர வேண்டிய உடம்புங்க இது. நீங்க அஞ்சு மாசத்துல வளர்த்துட்டீங்க. எலும்பு தாங்கல" என்றார். நீ எழுதிய சாப்பாட்டுக் கணக்கைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பொடி அறவே கூடாது. முட்டை ஒன்று. சோறும் கறியும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அதையும் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடு. உள்ளங்கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. படி ஏறி இறங்க விடாதே. பூச்சி மருந்தும் கொடுக்கச் சொன்னார்.

டைகருக்குச் சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரம் அலமு அழுதுவிட்டாள். "காலித் தட்ட நக்கிக்கினே கீறான், கண்ணால பாக்க முடியலபா" என்று. ஆனால் இப்போது நொண்டல் நின்றுவிட்டது.

உனக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். என்னை வளர்த்தவள் சொன்னது தப்பு என்று எழுதக் கை வரவில்லை. மரியாதை என்று நினைத்து மறைத்தேன். அந்த மரியாதைக்கு லில்லியின் கால் போய்விட்டது. என்னை மன்னித்துவிடு.

குமாரவேல்

காஞ்சிபுரம்
25-10-1975

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்கிறேன். லில்லி எப்படி இருக்கிறாள்? திட்டியாவது ஒரு கார்டு போடு.

குமாரவேல்

உரிகம்
12-11-1975

குமாரவேலுக்கு,

தந்தி வந்த அன்றே பொடி டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். உன் கடிதம் வந்த பிறகு, இனிமேல் உனக்கு எழுதுவதே இல்லை என்று மாமாவிடம் சொன்னேன். ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது உனக்கு. அந்த ஒரு மாதமும் நான் என் கையாலேயே அவளுக்குக் கெடுதல் செய்துகொண்டிருந்தேன்.

மாமாதான் சொன்னார்: "நீ சொன்னா அவன் எப்பவாச்சும் எதிர்த்துப் பேசினதுண்டா? பேச விட்டிருக்கியா நீ?" இரண்டு நாள் அவரோடும் பேசவில்லை.

நேற்றுக் காலை லில்லி தானாகவே எழுந்து தெருக்குழாய் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாள். இடது கால் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் ஓடுவாள் என்கிறார் இங்குள்ள டாக்டர். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. எனக்கு அது இன்னும் பழகவில்லை.

நான் சொல்வதெல்லாம் சரி என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன். இனிமேல் தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே எழுது, கோபித்துக்கொள்வேன், பிறகு சரியாகிவிடுவேன். வேறு ஏதாவது மறைத்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடு.

அக்கா

காஞ்சிபுரம்
16-11-1975

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலமுவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒன்று மறைத்திருக்கிறோம். அலமுவுக்கு ஐந்தாம் மாதம். உன்னிடம் சொன்னால் நெய் டின்னும் பேரீச்சம்பழ மூட்டையும் ரயிலில் வரும் என்று பயந்துபோய்ச் சொல்லவில்லை.

ஒன்றும் அனுப்பாதே. நீ வா. பிரசவம் வரைக்கும் இரு. லில்லியையும் கூட்டி வா. எவ்வளவு சாப்பிடுவது என்பதை மட்டும் அலமுவே சொல்லிவிடுவாளாம். அதையும் எழுதச் சொன்னாள்.

உன் தம்பி,
குமாரவேல்