உன் கடிதங்களைச் செருகியிருந்த ஸ்பிரிங்

அன்பு மகனுக்கு,

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். இங்கே அம்மாவும் பாப்பாவும் சுகம். எல்லோரும் சுகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், எழுதிக்கொண்டிருந்த உன் தங்கை பாப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், அதனால் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். கையெழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது. ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி. போன தடவை உனக்குப் போன் கிடைத்தபோது, அப்பா கையில் கொஞ்சம் வெந்நீர் பட்டுவிட்டது என்று அம்மா சொன்னாளே, அது கொஞ்சம் இல்லை. அவள் அதைச் சொன்ன அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் படுத்து எட்டு நாளாகியிருந்தது.

நம் டிராக்டர் ஒரு மாதமாகவே சூடாகிக்கொண்டிருந்தது. சும்மா நிறுத்தி ஓடவிட்டால் ஒன்றும் தெரியாது, டிரெய்லர் இழுத்தாலும் சூடு காட்டுகிற முள் நடுவில்தான் நிற்கும். கலப்பையை மாட்டி, ஆக்சிலேட்டரைக் கூட்டி நாலு சால் ஓட்டினால் போதும், சிவப்புக்கு ஏறிவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். ரேடியேட்டரில் அடைந்திருந்த பதரையும் தூசியையும் தண்ணீர் அடித்துக் கழுவினேன், ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன், சூடேறினால் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அம்மாவின் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். அது ஒழுங்காகத் திறந்தது, அம்மாவின் வாயும் திறந்தது, இனிமே இந்தப் பாத்திரத்துல நீங்களே காய்ச்சி நீங்களே குடிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எப்போது கேட்டாலும் இதோ வந்துட்டேன் என்பானே, அவனேதான், இப்போது எல்லோரும் அவனை இதோ என்றே கூப்பிடுகிறார்கள். இதோ நாலு நாள் கழித்து வந்தான், தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டான், ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுண்ணே, பிரிச்சுத்தான் பாக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனான், பிரிக்க வரவில்லை.

அன்றைக்கு மேற்கே மேகம் கட்டியிருந்தது, கீழ்வயல் பாதிதான் உழுதிருந்தது. மழை விழுந்தால் அந்த வயலில் வண்டி இறங்காது, உனக்கே தெரியும். மூன்றாவது தடவையாக முள் ஏறி, முன்பக்கம் ஆவி கிளம்பியதும் நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறவிடு, சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே என்று உனக்கு எத்தனை தடவை கத்தியிருப்பேன், ஒரு தடவை முதுகில்கூட ஒன்று வைத்திருக்கிறேன். அதே நான் மேகத்தைப் பார்த்துவிட்டு, துண்டை மடித்து மூடிமேல் போட்டு அரைத் திருகு திருகினேன். அதற்கப்புறம் நடந்ததை எழுதவேண்டாம், எழுதுகிறவளுக்கும் நல்லதில்லை, அவள்தான் அப்போது எனக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். மேகம் சாயங்காலமே கலைந்துவிட்டதாம், இன்றுவரை ஒரு சொட்டு விழவில்லை. கழுத்து ஆறிவிட்டது, தழும்பு மட்டும்தான். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையோடு மடங்கிப் பிடித்துக்கொண்டன, மற்ற விரல்கள் இன்னும் கட்டுக்குள் இருக்கின்றன. இன்னொரு ஆபரேஷன் செய்தால் நிமிரலாம், நிமிராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறாள்.

நான் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பாப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். இதோ சொன்னதை அவள் நம்பவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள்தானே. நின்றால் சூடாகவில்லை, வேகம் கூட்டினால்தான் சூடாகிறது, அப்படியானால் வேகம் கூட்டும்போது எது மாறுகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. அம்மாவை சீட்டில் ஏற்றி ஆக்சிலேட்டரைக் கூட்டச் சொல்லிவிட்டு இவள் குனிந்து பார்த்திருக்கிறாள். நான் எதையாவது இடிச்சுடுவேன்டி என்று அம்மா நின்ற வண்டியில் உட்கார்ந்துகொண்டு கத்தியது எனக்குக் கட்டில்வரை கேட்டது. ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்ப்புக்குத் தண்ணீர் போகிற கீழ் ஹோஸ், சத்தம் ஏற ஏற, தீர்ந்துபோன பற்பசைக் குழாய் மாதிரி சப்பையாக ஒட்டிக்கொண்டதாம், குறைத்ததும் மறுபடி உப்பியதாம். ஒட்டினால் தண்ணீர் எப்படி ஓடும். பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் ஒட்டாமல் இருக்கத்தான் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது இல்லை.

அந்த ஹோஸை மாற்றியது நீ, கிளம்புவதற்கு முந்தின நாள். பழைய ஹோஸிலிருந்து ஸ்பிரிங்கை உருவி, டீசலில் கழுவி, வெயிலில் காயவைத்திருக்கிறாய். அப்புறம் பெட்டி கட்டுகிற அவசரத்தில் புது ஹோஸை வெறுமனே மாட்டிவிட்டாய். புதுசின் விறைப்பு இருந்தவரை அது தாங்கியது, சூட்டில் துவண்டதும்தான் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது. பளபளவென்று கிடந்ததை வேண்டாத சாமான் என்று நினைத்துப் பாப்பா எடுத்துவந்தாள், அலமாரியில் படுக்கவைத்தாள், அதன் வளையங்களுக்கு நடுவில் நீ எழுதுகிற கடிதங்களை ஒவ்வொன்றாகச் செருகிவைத்தாள். பதினாலு கடிதம். முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறேன், தினமும் அதற்கு நேரெதிரே உட்கார்ந்துதான் டீ குடித்தேன், எனக்கு அது ஸ்பிரிங்காகத் தெரியவே இல்லை, உன் கடிதமாகத்தான் தெரிந்தது.

அன்றைக்குக் கொட்டகையிலிருந்து வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். கடிதங்களை உருவி ஓரமாக அடுக்கிவிட்டு, ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து என் கட்டில்மேல் வைத்தாள். நான்தாம்ப்பா எடுத்தேன் என்றாள். சத்தமில்லாமல் உள்ளே மாட்டியிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. மறுநாள் அவளே ஹோஸைக் கழற்றி, ஸ்பிரிங்கை நுழைத்து, கிளாம்பை இறுக்கி, தண்ணீர் நிரப்பி, கீழ்வயலின் மீதியை உழுதாள், முள் நடுவைத் தாண்டவில்லை. பக்கத்து வயல்காரர், உங்க பொண்ணு இத்தனை வருஷமா பேசாத பேச்செல்லாம் வண்டி பேசுதே என்றார், அம்மா சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. இறங்கும்போது அவள் கண் என் கைக்கட்டின்மேல் விழுந்தது, அவ்வளவுதான், மறுபடி அதே குற்றம் செய்தவள் முகம். முன்பே அவளிடம் பேச்சு குறைச்சல், இப்போது கேட்டதற்குத் தலையாட்டல்தான். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருக்கிறது. எஞ்சின் சரியாகிவிட்டது, வீடு ஆகவில்லை.

அவளை எட்டாவதோடு நிறுத்தியவன் நான். இந்தப் பிள்ளைக்குள் இவ்வளவு இருக்கிறது என்று அப்போது பார்க்கத் தெரியவில்லை. பார், இந்த வரியை மட்டும் மெதுவாக எழுதுகிறாள்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, நீ வந்து என் விரலை நிமிர்த்தப்போவதில்லை. நீ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. பாப்பா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மறந்தது நீதான் என்று உன் கையால் எழுது. குத்திக்காட்டச் சொல்லவில்லை மகனே. ஹோஸில் ஸ்பிரிங் இல்லாமல் போனது உன் மறதி, மூடியைத் திறந்தது என் அவசரம், நடுவில் அவள் உன் கடிதத்துக்கு ஓர் இடம் தேடினாள், வேறென்ன செய்தாள். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே எந்த எஞ்சினில் கை வைத்தாலும் ஆறவிட்டுத் தொடு. உன் கடிதங்களை இப்போது நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள், வைக்க இடமில்லை என்று எழுதாமல் இருந்துவிடாதே. நீ கண்ணுக்கும் கைக்கும் குறையில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். இன்னும் ஒரு வரி இருக்கிறது, அதைப் பாப்பா எழுதமாட்டேன் என்கிறாள். இரண்டு தடவை சொல்லிவிட்டேன், சொல்லும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்க்கிறாள், மற்றதை மட்டும் எழுதுகிறாள். அதனால் அதையும் கையெழுத்தையும் நானே இடது கையால் போடுகிறேன், கோணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

தப்பு பாப்பாமேல் இல்லை.

அப்பா