டி டிரைவில் பத்திரமாக

15 அக்டோபர் 2025, புதன்

கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஸ்கிரீன் முழுக்க ஓர் அறிவிப்பு. விண்டோஸ் பத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராதாம், புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்திவிட்டு ரோசியின் பாட வீடியோவைப் போட்டேன். இன்றைக்குப் பதினேழாவது. பூமிக்குள் என்ன இருக்கிறது.

கொரோனா சமயத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இதே கூடத்தில் நின்று அவள் எடுத்த பாடங்கள். மொத்தம் நாற்பத்தொன்று. அப்போது ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்போது தினமும் காலை காபிக்குப் பிறகு ஒன்று. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இது ஏழாவது சுற்று. பரீட்சை வைத்தால் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்குவேன்.

மனைவி போய் ஒன்பது மாதம் ஆகப்போகிறது. நான் இன்னும் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது எல்லாம்.

18 அக்டோபர், சனி

தென்னூர் போய் சாதிக்கைப் பார்த்தேன். ஜெகபர் சாதிக். பத்து வருஷமாக எங்கள் கம்ப்யூட்டருக்கு அவர்தான் வைத்தியர். தீபாவளிக் கூட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கவே கால்மணி நேரம்.

"சார், இந்த மெஷினுக்கு விண்டோஸ் பதினொண்ணு ஏறாது. புதுசு வாங்கிடுங்க. பழசை நான் எடுத்துக்கறேன்."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசில்லை. பெட்டியின் மேல் ரோசி ஒட்டிய அந்தோணியார் படம் இருக்கிறது. ஸ்கூல் கேள்வித்தாள் எல்லாம் அதில் அடித்தவள். அவள் தொட்ட சாமானை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு நான் எந்தக் கம்ப்யூட்டரில் அவளைப் பார்ப்பது?

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன்.

23 அக்டோபர், வியாழன்

ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம். அனுசுயா மேடம் வீடு. நான் சூப்பிரண்டெண்டாக இருந்த காலேஜில் கணக்குப் பேராசிரியர். ரிட்டயர் ஆகியும் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"வாங்கோ சார். விண்டோஸ் கைவிட்டுடுத்தா? நான் அதை விட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு."

லினக்ஸ் என்று ஒன்றாம். காசு கிடையாது, பழைய மெஷினிலும் ஓடுமாம். அதில் பல வகை இருக்கிறதாம், எனக்கு மின்ட் போதுமாம். என் பென் டிரைவிலேயே ஏற்றிக் கொடுத்தார்.

"முதல்ல இதுலேர்ந்தே ஓட்டிப் பாருங்கோ. பிடிச்சாத்தான் இன்ஸ்டால். அதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துடணும். அதை மட்டும் மறந்துடாதேள்."

தலையாட்டினேன். முப்பத்து நாலு வருஷம் ஆபீசில் தலையாட்டிப் பழகிய தலை.

27 அக்டோபர், திங்கள்

பென் டிரைவிலிருந்து ஓடியது. வைஃபை பிடித்தது. பிரிண்டர்கூட. விண்டோஸ் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடும் என்று அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். தனியாகப் போனேன். கல்லறையைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது.

மகள் ஜாஸ்லின் வரவில்லை. ஜனவரியில் இதே இடத்தில், குழி மூடிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அம்மா நாலு நாளா நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காங்க. நீங்க கேஸ்னு சொல்லிட்டு உக்காந்திருந்தீங்க." அவ்வளவுதான். அன்று சாயங்காலமே சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு அவளும் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. என்னவென்று செய்வது? அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. செவ்வாய்க்கிழமை சொன்னாள் ரோசி. சனிக்கிழமை இல்லை.

4 நவம்பர், செவ்வாய்

தீர்மானம் செய்துவிட்டேன், லினக்ஸ்தான். பெட்டியும் இருக்கும், ரோசியும் இருப்பாள்.

கம்ப்யூட்டருக்குள் சி, டி என்று இரண்டு அறை. எப்போது தகராறு செய்தாலும் சாதிக் வந்து சி-யை அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவார். போகும்போது ஒரே பாட்டு: "வேண்டியதை எல்லாம் டி டிரைவ்ல போட்டு வைங்க சார், சி போனாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது." ஆனதும் இல்லை. பாடங்கள் நாற்பத்தொன்றும் டி-யில்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் கிடந்த போட்டோ, அவளுடைய சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் இன்று டி-க்கு மாற்றினேன். மூன்று மணி நேரம்.

மேடம் போனில் கேட்டார். "பேக்கப் ஆச்சா சார்?"

"ஆச்சு மேடம். எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சாச்சு."

5 நவம்பர், புதன்

பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். பன்னிரண்டுக்குள் முடிந்தது. டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்று ஒரு வழி காட்டியது. அதன் கீழே சிவப்பில் ஏதோ நாலு வரி. தொடர்க. தொடர்க. ஊர் கேட்டது, பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. அழகாகத் திறந்தது. இதற்கா இத்தனை வருஷம் சாதிக்கைக் கூப்பிட்டேன் என்று கொஞ்சம் திமிர்கூட வந்தது.

மாலை

டி இல்லை.

6 நவம்பர், வியாழன்

பெட்டியை ஆட்டோவில் வைத்து ஸ்ரீரங்கம் எடுத்துப் போனேன். மடியில் வைத்துக்கொண்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற மாதிரி.

மேடம் ஏதேதோ கட்டளை அடித்துப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்தான். நடுவுல ஒரு கோடு, அவ்வளவுதான். டிஸ்க்கை அழிச்சா ரெண்டும் போயிடும். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கா இருந்தாலாவது தோண்டிப் பார்க்கலாம். இது எஸ்.எஸ்.டி. அழிச்சா அழிச்சதுதான்."

வேகமாக ஓடட்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சாதிக்தான் அதைப் போட்டுக் கொடுத்தார். ரோசிதான் போடச் சொன்னாள்.

"பேக்கப் எங்கேன்னு நான் கேட்டிருக்கணும். என் தப்பு" என்றார் மேடம்.

"உங்க தப்பு இல்லைங்க" என்றேன். காபி குடித்தேன். சர்க்கரை அளவாக இருந்தது. அதையெல்லாம் கவனிக்கிறேன் பாருங்கள்.

7 நவம்பர், வெள்ளி

அழுகை வரவில்லை. காலை காபி. பத்து மணி. நாற்காலியில் உட்கார்ந்து கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்தேன். நேற்றுப் பார்த்திருந்தால் முப்பத்தொன்பதாவது பாடம், இன்றைக்கு நாற்பது.

11 நவம்பர், செவ்வாய்

சிவப்பில் நாலு வரி வந்ததே. படிக்க வேண்டியதுதானே. படித்திருந்தால் என்ன? கண் நல்லாத்தானே இருக்கு. இங்கிலீஷ் தெரியாதா? முப்பத்து நாலு வருஷம் சர்க்குலர் படிச்ச ஆளு. அவளும் சொன்னா, தோள்பட்டை வரைக்கும் இழுக்குதுங்கன்னு. கேட்டேனா? கேஸுதான் ரோசி, சோடா வாங்கியாரேன்னேன். போய் வாங்கிட்டும் வந்தேன்.

எச்சரிக்கை வந்தால் தொடர்க என்று அழுத்துகிற ஆள் நான். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் தொலைத்தது அவளைத்தான்.

19 நவம்பர், புதன்

ரோசியின் ஸ்கூலுக்குப் போனேன். பாடங்களை அப்போது பிள்ளைகளின் வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். தலைமையாசிரியை நல்ல மாதிரி, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அஞ்சு வருஷம் ஆச்சேங்க, எல்லாரும் போன் மாத்தியாச்சு" என்றார். இரண்டு டீச்சர்கள் தங்கள் போனில் தேடினார்கள். வீடியோ இருந்த இடத்தில் மங்கலான கட்டம் மட்டும் இருந்தது, அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லை.

24 நவம்பர், திங்கள்

லினக்ஸில் தமிழ் அடிக்கப் பழகினேன். வேறு வேலை இல்லை.

30 நவம்பர், ஞாயிறு

மழை. மேடம் போன் செய்தார். "ஒண்ணு கேட்கணும்னு தோணித்து. அந்த வீடியோ எல்லாம் யாரு எடுத்தா?"

"ஜாஸ்லின். அப்போ காலேஜ் லீவு. அவ போன்லதான் எடுத்தா. எடிட்டிங்கும் அவதான்."

"அப்போ அவகிட்டன்னா கேட்கணும்?"

மழையில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது.

எனக்கு இது தோன்றாமலா இருந்தது? ஆறாம் தேதியே தோன்றியது. ஆட்டோவில் திரும்பும்போது, பாலத்தில். ஆனால் அவளிடம் கேட்பதென்றால் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். இதையும் அழிச்சிட்டீங்களான்னு கேட்பாள்.

7 டிசம்பர், ஞாயிறு

ஜாஸ்லினுக்கு ஒரு மெசேஜ் அடித்தேன். அழித்தேன்.

10 டிசம்பர், புதன்

அனுப்பிவிட்டேன். இங்கே எழுதி வைக்கிறேன், நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நாளைக்குச் சந்தேகம் வரக்கூடாது.

'ஜாஸ்லின், அப்பா. கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டேன். அம்மாவின் பாடம் எல்லாம் அழிந்துவிட்டது. எச்சரிக்கை காட்டியது, படிக்காமல் அழுத்தினேன். அம்மா விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். நீ சொன்னது சரி. உன்னிடம் ஏதாவது இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.'

மத்தியானம் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

11 டிசம்பர், வியாழன்

பதில் இல்லை.

12 டிசம்பர், வெள்ளி

இல்லை.

13 டிசம்பர், சனி

காலை எட்டரைக்குப் போன். பெயரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். இட்லி மாவு கையில்.

ஜாஸ்லின்தான். பின்னால் சென்னை பஸ் சத்தம்.

"வியாழக்கிழமை அம்மா எனக்குப் போன் பண்ணாங்கப்பா."

எந்த வியாழக்கிழமை என்று நான் கேட்கவில்லை.

"நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குடின்னாங்க. எனக்கு மீட்டிங். நானும் கேஸ்தான்மான்னு சொன்னேன். ஓமத் தண்ணி குடிங்க, சாயங்காலம் பேசறேன்னேன். சாயங்காலம் பேசலை." பிறகு அழ ஆரம்பித்தாள். "நான் சொன்னதை உங்க மேல போட்டுட்டேன்பா. எல்லார் முன்னாடியும். இத்தனை மாசமா..."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். பதினொரு மாதம் தனியாகச் சுமந்தேனே என்று. வரவில்லை. பாவம், இருபத்தேழு வயசுப் பிள்ளை, அந்த ஊரில் தனியாக ரூமில் இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாள் என்றுதான் தோன்றியது.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா."

"போய்ச் சாப்பிடு. சாப்பிட்டுட்டுப் பேசு."

அரை மணியில் மறுபடி பேசினாள்.

21 டிசம்பர், ஞாயிறு

பழைய போன் ஒன்றைத் தேடி எடுத்தாளாம். அதில் ஆறுதான் மிச்சம் இருக்கிறது. நாற்பத்தொன்றில் ஆறு. எடிட் செய்யாதது, முன்னும் பின்னும் வெட்டாதது. அனுப்பட்டுமா என்றாள். வேண்டாம், வரும்போது கொண்டு வா என்றேன். வருவாயா என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

"பொங்கலுக்கு வரேன்பா. அம்மாவோட வருஷ பூசைக்கும் இருந்துட்டுப் போறேன். வர்ற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர்ல எதையும் அழுத்தாதீங்க."

சிரித்தாள். நானும்.

14 ஜனவரி 2026, புதன்

ஜங்ஷனுக்குப் போய்க் கூட்டி வந்தேன். இளைத்திருக்கிறாள். வீட்டுக்குள் வந்ததும் நேராகக் கூடத்துக்குப் போய் அம்மா நின்று பாடம் எடுத்த சுவரைப் பார்த்தாள். வந்ததும் வராததுமாக ஆறு பாடத்தையும் ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இன்னொரு பிரதியை மேடத்துக்கு அனுப்பினாள்.

15 ஜனவரி, வியாழன்

பொங்கல். சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முதல் வீடியோவே திறக்கவில்லை. லினக்ஸுக்கு ஏதோ ஒன்று கூடுதலாக வேண்டுமாம், ஜாஸ்லின் மேடத்துக்குப் போன் போட்டு இரண்டு வரி கட்டளை அடித்தாள். திறந்தது.

பாடம் இன்னும் தொடங்கவில்லை. ரோசி கேமராவைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்கிறாள். "ஃபேன் சத்தம் ரெக்கார்ட் ஆகும்டி. அப்பாவைக் கூப்பிடு, நிறுத்தட்டும்" என்கிறாள். கைலியோடு நான் குறுக்கே வருகிறேன். சுவிட்சைத் தட்டிவிட்டு, "டீச்சரம்மா, வேர்த்தா சொல்லுங்க, விசிறி விடறேன்" என்கிறேன். ரோசி என்னைப் பார்க்கிறாள். பிள்ளைகள் பார்க்கப்போகும் பாடத்தில் அந்தப் பார்வைக்கு இடம் இல்லை, அதனால் ஜாஸ்லின் அன்றைக்கு வெட்டியிருக்கிறாள். "போங்கங்க அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரிக்கிறாள்.

இது எனக்கு ஞாபகமே இல்லை. கேஸ் என்று சொன்னது மட்டும்தான் இத்தனை நாளாக ஞாபகம் இருந்தது.

எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கும்படி அழுதேன். ஜாஸ்லின் பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள். மவுஸ் பக்கம் கை நீட்டினாள்.

"நிறுத்தட்டுமாப்பா?"

"வேணாம்மா. ஓடட்டும்."