பெட்டி கட்டிக் கொடுத்தவருக்கு

என்னங்க,

இங்கே ஊரில் அப்பாவின் காரியம் முடிந்து நம் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, விமான நிலைய கவுன்ட்டரில் என் நிரந்தரக் குடியிருப்பு அட்டையைக் கேட்டார்கள். நீங்கள் அதை வைத்துவிட்டதாகச் சொன்ன பர்ஸின் உள்ளறையில் பழைய பஸ் டிக்கெட்தான் இருந்தது. ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், "வீட்டுல யாராவது எடுத்து வெச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"பெட்டி கட்டினதே என் வீட்டுக்காரர்தான். அவர் கையில போனா குண்டூசிகூடத் தொலையாது" என்றேன். வழியில் நானே தொலைத்துவிட்டதாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நீங்களும் ஃபோனில், "என்ன அவசரம், அங்கயே கொஞ்ச நாள் இரு" என்றீர்கள். இங்கே அண்ணி என் முன்னால் தட்டு வைக்கும் சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வருகிறது.

நேற்று பாப்பா வீடியோவில் வந்தாள். "அம்மா, உன் போட்டோ போட்ட அட்டை அப்பாவோட ஷேவிங் டப்பாவுல இருக்கு. தொட்டா அடிப்பேன்னு சொன்னாரு."

அவள் தலை நேர்வகிடு எடுத்து, இறுக்கமாக, அழகாகப் பின்னியிருந்தது. உங்களுக்குப் பின்ன வராது. யார் பின்னிவிட்டது என்று நான் கேட்கவில்லை.

மாற்றுப் பயண ஆவணம் இன்று கைக்கு வந்துவிட்டது. தொலைந்ததாக எழுதிக் கொடுத்த அட்டை இனி எங்கேயும் செல்லாதாம். பத்திரப்படுத்த வேண்டாம், பாப்பாவிடமே விளையாடக் கொடுத்துவிடுங்கள்.

எந்த விமானம் என்று எழுதவில்லை. வாசலுக்கு வந்து கதவு திறக்கிற சிரமமும் உங்களுக்கு வேண்டாம். பெட்டியிலிருந்து வீட்டுச் சாவியை எடுக்க மறந்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா