வீட்டில் எத்தனை பேர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. எல்லாம் அலுவலகத்தில் நான் போட்ட அந்தக் கணக்கு வரைபடத்தால்.

வருமானம் பார்த்துக் கொடுக்கிற உதவித்தொகையை எத்தனை வீடுகள் வாங்குகின்றன என்று ஆண்டுதோறும் கணக்கெடுப்பது எங்கள் பிரிவின் வேலை. மூன்றாண்டாக வீடுகளின் எண்ணிக்கை அசையவே இல்லை. ஆனால் அந்த வீடுகளில் வசிக்கும் ஆட்கள் மட்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிறப்பு, இறப்பு எல்லாம் பார்த்தாயிற்று, அப்புறமும் கணக்கு உதைக்கிறது. எங்கேதான் போனார்கள்?

பிரிவு அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தனியா இருக்கத்தாம்மா பிடிக்குது. அப்படியே எழுதிடுங்க."

சும்மாவா எனக்கு 'ஏன் மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்? எழுதவில்லை.

மார்ச் 5, வியாழன்

வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். காணாமல் போனவர்கள் எல்லாரும் இருபதை ஒட்டியவர்கள். தனியாக இருக்கும் ஆசை வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் வர வேண்டாமா? அதுகள் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு சொகுசாக வீட்டிலேயே இருக்கின்றனவே!

மார்ச் 11, புதன்

அக்கா மகளுக்கு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது!

மார்ச் 14, சனி

கேக்கோடு போனேன். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து படுக்கைதான். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அவ இங்க இருந்தா அவ சம்பளத்தையும் வீட்டு வருமானத்துல சேர்த்துடுவாங்கடி. உதவித்தொகை நின்னுடும். அவ சம்பளம் வாடகைக்கே சரியாப் போயிடும். இவரு மருந்துக்கு நான் எங்க போவேன்?"

"அதுக்கு?"

"அவள உன் வீட்டுல வெச்சுக்கோ."

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நான் தேடிக்கொண்டிருந்த ஆட்கள் இவர்கள்தானா! கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம் வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"மூச்சு விடாத. தெரிஞ்சா மருந்தே வேண்டாம்னுடுவாரு."

மார்ச் 17, செவ்வாய்

வந்துவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு தலையணை. உதவித்தொகை விசாரணைக்கு ஆள் வந்து போகும்வரை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

மார்ச் 20, வெள்ளி

அறிக்கையில் காரணத்தை எழுதினேன். "ஆதாரம் எங்கம்மா?" என்றார் அதிகாரி. என் வீட்டில் தலைவாரிக்கொண்டிருக்கிறது என்றா சொல்வது? அக்காவின் வயிற்றில் நானே அடிக்கவா? ஆதாரம் இல்லை என்றேன். அந்த வரியை அடித்துவிட்டார். ச்சே.

மார்ச் 29, ஞாயிறு

மாமாவைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நாலு காசு சம்பாதிச்சதும் அப்பன் படுத்திருக்கிற வீடு நாறுது போல, இல்லம்மா?"

"அப்படியெல்லாம் இல்ல மாமா…"

"பின்ன ஏன் போனா?"

ஏன், ஏன் என்று ஊரையே கேட்டவள் நான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. அக்கா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "சித்தி, அப்பா என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?" என்றாள் பெண்.

"சாப்பிட்டாளான்னு கேட்டாரு" என்றேன்.