சாக்பீஸ் கோடு

ஓசூர்
14.12.2006

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நானும் என் பொறுப்பில் விடுதியிலுள்ள நாற்பது தொழிற்சாலைப் பெண்களும் நலம்.

நேற்று ஒரு சிறு சம்பவம். திருச்சியில் செய்வதுபோல், முந்தின நாள் சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்து, ஈரம் காயாமல் நின்ற உயரம்வரை கேஸ் இருக்கிறது என்று அங்கே சாக்பீஸ் கோடு போட்டேன். இன்னும் இரண்டு நாள் வரும் என்றேன். காலையில் ஷிஃப்ட் பஸ் வாசலில் நிற்க, இட்லி வேகுமுன் அடுப்பு தணிந்தது. சமையல்கார சரோஜம்மாள், "நீங்க போட்ட கோடு மேலதானே இருக்குது மேடம், கேஸ் உள்ளதான் இருக்கும்" என்று சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டினாள். தீ குபீரென்று எழுந்தது. ரெகுலேட்டரை மூடிவிட்டேன். என் புடவைத் தலைப்பு மட்டும் கருகியது.

இந்த ஊர்ப் பனியில் ஈரம் எங்குமே காய்வதில்லை என்று பிறகுதான் புரிந்தது. பெண்கள் வெறும் வயிற்றோடு போனார்கள். சரோஜம்மாளை எல்லோர் முன்பும் கண்டித்தேன். கோடு தவறென்று சொல்லவில்லை. கான்வென்டில் நமக்குப் பிறர் பிழையைத் திருத்தத்தான் பழக்கினார்கள் போலும்.

என் கணவர் நெல் நிறுக்க வைத்திருந்த கொக்கித் தராசை அனுப்புங்கள். இனி சிலிண்டரை எடைபோடுவேன். கம்பளிச் சால்வையும், கூடவே நாலு வரிக் கடிதமும் வேண்டும்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. தராசு வரும்வரை காத்திருக்க முடியாது. நான் போட்ட கோட்டை நம்பாதே என்று சரோஜம்மாளிடம் இப்போதே சொல்லப் போகிறேன்.

தங்கை,
பிரேமலதா