தொழிற்சாலைத் தையல்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமா? போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நம் சிவப்பு வண்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கப் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சந்தோஷப்படுங்க சார், உங்க வண்டி விலை ஏறிடுச்சு" என்கிறார். எங்கேயோ ஓர் ஏலத்தில் இதே மாடல் ஸ்போர்ட்ஸ் காரை, தன் கண்ணாடி மண்டபத்தில் காட்சிக்கு வைக்க ஒரு பணக்காரர் பைத்தியக்கார விலைக்கு எடுத்தாராம். அவர் எடுத்தால் நான் ஏன் அழ வேண்டும்? பழைய இரும்புக் கடையில் கோழி அடைந்து கிடந்த வண்டி, அக்கா. இப்போது அதற்கு ஒரு வருஷப் பிரீமியம் என் இரண்டு மாதச் சம்பளம். "பஸ் டெப்போ மெக்கானிக்குக்கு இது தேவையா?" என்று உன் தம்பி பெண்டாட்டி கேட்கிறாள். முன்பெல்லாம் கெஞ்சினால் சும்மா கொடுத்த கண்ணாடி ரப்பருக்கு இன்று கடைக்காரன் தங்கம் நிறுப்பதுபோல் விலை சொல்கிறான்.

ஒரு வழி இருக்கிறது. பழைய கார் சங்கம் 'அசல்' என்று சான்றிதழ் கொடுத்தால் பிரீமியம் கால்வாசிதான். அடுத்த மாதம் பரிசோதகர் வருகிறார். சின்னச் சின்ன மாற்றங்கள் செய்ய வேண்டியிருக்கும். மற்றபடி ஒன்றுமில்லை.

உன் அன்புத் தம்பி

ஜூன் 9

அடேய் தம்பி,

உன் 'மற்றபடி ஒன்றுமில்லை'யை எனக்குத் தெரியாதா?

யாரடா இவர்கள்? பதினான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொட்டி நாம் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது எங்கே போயிருந்தார்கள்? நாம் எடுக்காமல் விட்டிருந்தால் அது இந்நேரம் யார் வீட்டுக் கதவிலோ தாழ்ப்பாளாகத் தொங்கிக்கொண்டிருக்கும். காப்பாற்றியவனால் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஓட்டத் தெரியாதவன் வாங்கிக் கண்ணாடி மண்டபத்தில் பூட்டிவைக்கிறான். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்! படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எதை வேண்டுமானாலும் மாற்று. என் இருக்கைகளில் மட்டும் கை வைக்காதே. நாள் முழுக்கக் கடையில் வேனுக்கும் டிராக்டருக்கும் ரெக்சின் தைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இரண்டு வருஷம் தைத்தவை அவை. தோலில் இரட்டைத் தையல். உன் கட்டைக் கால் கிளட்சுக்கு எட்டவில்லை என்று தரையில் புதுத் துளை போட்டு இருக்கையை முன்னால் தள்ளினோமே, மறந்துவிட்டாயா?

என்ன மாற்றம் என்று ஒழுங்காக எழுது.

அக்கா

ஜூன் 27

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் அது வேறு வழியாக வந்துவிட்டது.

நேற்று கடைக்கு ஒரு தரகர் வந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இந்தா, உன் கைக்கு ஏத்த வேலை" என்று தாளை நீட்டினார். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு இருக்கை. தொழிற்சாலையில் தைத்ததுபோல் ஒற்றைத் தையல். பிறகு புதுத் தோலை உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் போட்டு, ஐம்பது வருஷம் உட்கார்ந்து தேய்ந்த மாதிரி ஆக்கித் தர வேண்டும். எவனோ ஊரை ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன்.

அளவைப் பார்த்தேன். ஓட்டுபவர் இருக்கையைத் தரையோடு முடுக்கும் துளைகள் நான்கு விரல் முன்னால் இருந்தன. உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் அங்கே துளை போட்டதில்லை. ஒரே ஒரு குட்டையன்தான் போட்டான்.

என் தையலை என் கையாலேயே பொய்யாக்கச் சொல்கிறாயா? எனக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா?

அக்கா

ஜூலை 1

அக்கா,

சத்தியமாகத் தரகர் உன் கடைக்கு வருவார் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல முகமில்லை, அதுதான் உண்மை.

இரட்டைத் தையலைப் பார்த்த உடனே 'அசல் அல்ல' என்று அடித்துவிடுவார்களாம். ஏதோ உடைசலுக்குப் போன வண்டியிலிருந்து இருக்கைகள் கிடைத்தன என்று சொல்லச் சொல்கிறார் தரகர். இருக்கையை மாற்றாவிட்டால் வண்டியே போய்விடும். அந்த ஏலத்து மண்டபக்காரர் இதையும் விலைக்குக் கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். வேறு யார் தைத்தாலும் பரிசோதகர் கண்டுபிடித்துவிடுவார். உன்னால்தான் முடியும். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி

ஜூலை 8

தைத்து அனுப்பிவிட்டேன். வாழ்நாளில் இவ்வளவு அவமானமாக ஊசி பிடித்ததில்லை. இருக்கையின் துளைகளைத் தொழிற்சாலை போட்ட இடத்தில் வைத்திருக்கிறேன். தரையில் நீ போட்டவற்றை வெல்டிங் வைத்து அடை, முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டிக்கொள். ஏமாற்றக் கிளம்பியவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

வண்டி உனக்குத் தங்கட்டும். எனக்கு இனி எழுத வேண்டாம்.

ஜூலை 19

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று பரிசோதகர் வந்தார். வெள்ளைக் கையுறை, கையில் டார்ச், பின்னால் சங்கத்து ஆட்கள் நாலு பேர். எல்லாவற்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே வந்தவர் இருக்கைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தையல் மேல் விரலை ஓட்டினார். "பாருங்க, இதான் தொழிற்சாலைத் தையல். இந்தக் கையெல்லாம் இப்ப ஏது? இப்ப இருக்கிறவங்களுக்கு ரெக்சினை இழுத்து ஒட்டத்தான் தெரியும்" என்றார். பேனாவைத் திறந்துவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

எனக்குப் பொறுக்கவில்லை, அக்கா. "அந்தக் கை உயிரோடதான் சார் இருக்கு. எங்க அக்கா கை. பத்து நாளைக்கு முன்னாடி தைச்சது" என்று கத்திவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். சங்கத்து வாசலை இனி நான் மிதிக்க முடியாது. மண்டபக்காரரிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் வண்டியை எடுத்துக்கொள்வார்.

தம்பி

ஜூலை 23

மடையா,

வாயை இரண்டு நிமிஷம் மூடிக்கொண்டிருக்க முடியாதா? கையெழுத்து விழுந்த பிறகு கத்தக் கூடாதா? நான் மானத்தை விட்டுத் தைத்தது எதற்கு?

இப்படித் திட்டிக்கொண்டேதான் உன் கடிதத்தை முதலாளியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கடையே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. "இவன் உன் கூடப்பிறந்தவனா?" என்றார் முதலாளி. "பின்னே?" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

கோபம் தீரவில்லை. உன் மேல் இல்லை. ஒருவன் பொய் சொன்னால் வண்டியை வைத்துக்கொள்ளலாம், உண்மை சொன்னால் விற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அவர்கள் மேல்.

இன்ஷூரன்ஸ் மாதக் கடைசி வரை இருக்கிறதல்லவா? ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பதினான்கு வருஷத்தில் அந்த வண்டியில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். நீ ஓட்ட, பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஆனால் நான் ஓட்டுகிறேன் என்று கேட்டதில்லை, நீயும் ஓட்டுகிறாயா என்று கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நில்.

அக்கா